உள்தாழ்ப்பாள்

கிராஷ் ஆன இயந்திரத்தைவிட ஹேங் ஆன இயந்திரம் எனக்குப் பிடிக்கும். சப்போர்ட் பிரிவில் இருப்பவர்கள் காதில் இது விழுந்தால் அடிக்க வருவார்கள். அவர்களுக்குக் கிராஷ்தான் வசதி. விழுந்தது, தானே எழுந்தது, வேலை தொடர்ந்தது என்று டிக்கெட்டை மூடிவிடலாம். ஹேங் ஆனது அதுவாக எழாது. யாராவது போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். ஆனால் டிரைவர் எழுதுகிறவனுக்குக் கதை வேறு. கிராஷில் கெட்டது ஓரிடம், விழுந்தது வேறிடம். யாரோ எப்போதோ மெமரியில் ஒரு மூலையைக் கெடுத்துவிட்டுப் போயிருப்பான். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த அப்பாவி தடுக்கி விழுவான். ஹேங்கில் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். யார் கையில் எந்த லாக், யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மெமரியில் கலையாமல் இருக்கும்.

ரீபூட் செய்யாமல் இருந்தால்.

சில வருடங்களுக்கு முன்பு, நள்ளிரவு தாண்டி வந்த அழைப்பு ஒன்று இப்படிப் போனது.

"சார், சர்வர் தொங்கிடுச்சு. ரீபூட் பண்ணிடவா?"

"வேண்டாம்ப்பா. டம்ப் எடுக்காம எதையும் தொடாதீங்க."

"கஸ்டமர் லைன்லயே இருக்கார் சார். கத்துறார்."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. இப்ப ரீபூட் பண்ணா, அடுத்த தடவை பேக்கப் ஓடும்போது மறுபடியும் கூப்பிடுவார். அப்பவும் நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

அந்தப் பையன் நல்லவன், பேசிச் சமாளித்தான். வேண்டுமென்றே கெர்னலை விழவைத்து, அது விழும்போது முழு மெமரியையும் டிஸ்க்கில் எழுதிவைக்கும் கேடம்ப் வசதியின் மூலம் எங்களுக்கு ஒரு டம்ப் கிடைத்தது. இந்தக் கட்டுரையின் பாதி அந்த டம்ப்பிலிருந்து வருவது.

நான் வேலை பார்த்தது லினக்ஸுக்கான ஒரு ஃபைல் சிஸ்டம் டிரைவரில். லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வருவதல்ல, ஒரு நிறுவனம் தனியாகப் பராமரித்தது. ஃபைலைத் திறக்கும்போதும் எழுதும்போதும் பெயர் மாற்றும்போதும், டிஸ்க்கில் எந்த பிளாக்கில் எது கிடக்கிறது என்ற கணக்கைத் தப்பாமல் வைத்திருப்பது இந்த டிரைவரின் வேலை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான த்ரெட்கள் அந்தக் கணக்கில் கை வைக்கும் என்பதால் லாக்குகள். முதல் லாக்கைப் பிடித்தவன் இரண்டாவதற்குக் காத்திருக்க, இரண்டாவதைப் பிடித்தவன் முதலாவதற்குக் காத்திருந்தால் டெட்லாக். காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் 1971இல் எழுதிய கட்டுரையில், டெட்லாக் வர நான்கு நிபந்தனைகள் ஒருசேர இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நான்கில் மூன்று, லாக் என்ற ஒன்று இருப்பதாலேயே வந்துவிடுபவை. காத்திருப்பு வட்டமாக முடிவது என்ற நான்காவது மட்டும்தான் எங்களைப் போன்றவர்கள் கையில் இருப்பது. எல்லோரும் ஒரே வரிசையில் லாக் எடுத்தால் வட்டம் முடியாது. கல்லூரியில் இதை அரை மணி நேரத்தில் நடத்தி முடித்தார்கள். எனக்கும் புரிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹேங் ஆன சர்வரில் முதலில் கண்ணில் படுவது ஒரு விநோதம். சிபியு சும்மா இருக்கும், லோட் ஆவரேஜ் மட்டும் முந்நூறு, நானூறு என்று ஏறிக்கொண்டே போகும். எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும் த்ரெட்களையும் லினக்ஸ் லோட் கணக்கில் சேர்ப்பதால் வருவது இது. பிஎஸ் கட்டளையில் அவற்றுக்கு எதிரே 'டி' என்ற எழுத்து இருக்கும். கில் மைனஸ் ஒன்பது கொடுத்தாலும் அசையா. 120 விநாடி கடந்ததும், இன்ன த்ரெட் இவ்வளவு நேரமாக அடைபட்டுக் கிடக்கிறது என்று கெர்னல் லாகில் எழுதும். அந்தச் செய்தியிலேயே, இதை நிறுத்த வேண்டுமானால் இன்ன ஃபைலில் பூஜ்ஜியம் எழுதுங்கள் என்ற உபாயமும் இருக்கும். பணிவோடு அதைச் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக டிக்கெட்டை மூடிய அட்மின்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செய்தியை நம்பித்தான் புதியவர்கள் வழிதவறுகிறார்கள். லாகில் பெயர் வருவது பெரும்பாலும் காத்திருக்கிறவனுடையது. அவனுடைய ஸ்டாக்கைப் பார்த்து, அவன் நிற்கும் வரியைப் பார்த்து, அந்த வரியில் என்ன கோளாறு என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அவன் செய்ததெல்லாம் லாக் கேட்டது மட்டும். போதாக்குறைக்கு, இயல்பாக விட்டால் கெர்னல் இப்படிப் பத்து எச்சரிக்கைகளோடு நிறுத்திக்கொள்ளும். நானூறு பேர் அடைபட்டிருக்கும்போது முதல் பத்தில் அகப்படுபவர்கள் வெறுமனே வரிசையில் வந்து நின்றவர்களாக இருக்கலாம். தலையில் நிற்பவன் பெயர் லாகிலேயே இல்லாமல் போகலாம். அதனால்தான் டம்ப் வேண்டும் என்று அடம்பிடிப்பது.

அந்த இரவின் டம்ப்பை கிராஷ் என்ற கருவியில் திறந்தோம். (ஹேங்கைப் பிரித்துப் பார்க்கும் கருவிக்கு இப்படி ஒரு பெயர்.) நூற்றுக்கணக்கான த்ரெட்கள், அநேகமாக எல்லாம் எங்கள் டிரைவரின் ஒரே மியூடெக்ஸுக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு லாக்குக்காக, நின்றன. மெமரியில் நாங்கள் வைத்திருந்த பிளாக் அட்டவணையைக் காக்கும் மியூடெக்ஸ் அது. லினக்ஸில் மியூடெக்ஸின் உள்ளே 'ஓனர்' என்று ஒரு புலம் உண்டு. பிடித்திருக்கும் த்ரெட்டின் முகவரி அதில் இருக்கும். ஆனால் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. முகவரியின் கடைசி மூன்று பிட்டுகளைக் கெர்னல் தன் சொந்தக் குறிப்புகளுக்கு வைத்துக்கொள்கிறது; யாராவது காத்திருந்தால் கடைசி பிட் 1 ஆகிவிடும். எங்களுக்குக் கிடைத்த எண்ணும் 1இல்தான் முடிந்தது. அந்த 1ஐப் பூஜ்ஜியமாக்கி, வந்த முகவரிக்குரிய த்ரெட் எது என்று கேட்டோம். பேக்கப் புரோகிராமின் த்ரெட் ஒன்று. சரி, லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்காகக் காத்திருக்கிறது என்று அதன் ஸ்டாக்கைப் போட்டால், அதே மியூடெக்ஸுக்காக.

தன் கையில் இருக்கும் லாக்குக்குத் தானே காத்திருந்தது.

ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தோம். பேக்கப் புரோகிராம் ஒரு ஃபைலைப் படிக்கச் சொல்கிறது. எங்கள் டிரைவருக்குள் வருகிறது. அட்டவணையின் மியூடெக்ஸை எடுக்கிறது. அட்டவணையில் புதிதாக ஒரு பதிவு சேர்க்கக் கொஞ்சம் மெமரி கேட்கிறது. சில நூறு பைட் இருக்கும். இதுவரை எங்கள் கோடு, எங்களுக்குத் தெரிந்த பாதை. அதற்கு மேலே இருந்ததெல்லாம் கெர்னலின் ஃபங்ஷன்கள். மெமரி தீர்ந்துபோயிருக்கிறது, கேட்டவனையே பிடித்து, கொஞ்சம் மெமரியைக் காலி செய்துகொடு என்று ட்ரை டு ஃப்ரீ பேஜஸ் வேலையை ஆரம்பிக்கிறது. அது ஷ்ரிங்க் ஸ்லாப்பைக் கூப்பிடுகிறது. இப்போதைக்கு யாருக்கும் வேண்டாத ஐநோட்களை, அதாவது ஃபைல்களைப் பற்றிய விவரப் பதிவுகளை, கழித்துக்கட்டலாம் என்று அது ஃபைல் சிஸ்டங்களின் பட்டியலை எடுக்கிறது. பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். ஒரு பழைய ஐநோட்டை வெளியேற்று என்று எங்கள் டிரைவருக்கே உத்தரவு வருகிறது. வெளியேற்றும் ஃபங்ஷன் தன் முதல் வேலையாக அட்டவணையின் மியூடெக்ஸைக் கேட்கிறது.

முன்கதவை உள்ளே தாழிட்டவன் பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, அதே முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். திறக்க வேண்டியவனும் அவனே.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். லாக் வரிசை என்று நான் மனதில் வைத்திருந்த படம் எங்கள் கோடைப் பற்றியது. எங்கள் ஃபங்ஷன் எதை எப்போது கூப்பிடுகிறது என்பதை வைத்து வரைந்த படம். ஃபைல் சிஸ்டத்துக்கு அது போதாது. கெர்னலின் மற்ற டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் வேலையை முடித்துத் திரும்பும். ஃபைல் சிஸ்டம் கூப்பிட்டால், கெர்னல் திரும்பும் முன் இன்னொரு முறை ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே வந்துவிடக்கூடும். மெமரி நிர்வாகமும் ஃபைல் சிஸ்டமும் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. பல சர்வர்களில் ஃபைலின் பக்கங்கள்தான் மெமரியில் பெரும்பகுதி. மெமரி வேண்டும் என்றால் அவற்றைத்தான் கழிக்க வேண்டும், கழிப்பது என்றால் எங்களைத்தான் கேட்க வேண்டும்.

மெமரி வழியாகத் திரும்பி உள்ளே வரும் இந்த வாசலை அடைக்க லினக்ஸில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. மெமரி கேட்கும்போதே, 'ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாமல் கொடு' என்று ஒரு கொடியோடு கேட்கலாம். ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் என்று பெயர். எங்கள் கோடில் நிறைய இடங்களில் அது இருந்தது. இந்த ஒரு இடத்தில் இல்லை. அந்த ஃபங்ஷனை எழுதியபோது அது எந்த லாக்குக்குள்ளும் கூப்பிடப்படவில்லை. பிறகு யாரோ லாக்குக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் கொடி வைப்பது இப்படித்தான் முடியும். 2017இல் 4.12 பதிப்பில் வந்த மாற்று எனக்கு அதைவிடப் பிடித்தது: லாக் எடுக்கும்போதே, இங்கிருந்து அங்குவரை இந்த த்ரெட் கேட்கும் எந்த மெமரிக்கும் ஃபைல் சிஸ்டம் பக்கம் போகாதே என்று த்ரெட்டின் மேலேயே குறித்துவிடலாம். உள்ளே எத்தனை அடுக்கு ஃபங்ஷன்கள் கூப்பிட்டாலும் அந்தக் குறிப்பு நிற்கும். எங்கள் திருத்தம் நான்கு வரி. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

விடியாமல் இருந்தது இன்னொரு கேள்வி. லாக்டெப் ஏன் இதைச் சொல்லவில்லை?

இங்கோ மோல்னார் எழுதி 2006இல் 2.6.18 கெர்னலோடு வந்த லாக் சோதனைக் கருவியான லாக்டெப், டெட்லாக் நடக்கும்வரை காத்திருக்காது. அதன் அழகே அதுதான். காலையில் ஒரு த்ரெட் 'அ'வைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வை எடுத்தது, மாலையில் வேறொரு த்ரெட் 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வை எடுத்தது. இரண்டும் மோதவே இல்லை, இரண்டும் ஒழுங்காக முடிந்தன. இருந்தாலும் லாக்டெப் இரண்டையும் நினைவில் வைத்து, ஒருநாள் இவை மோதும் என்று இன்றே எழுதிவிடும். மெமரி கழிப்பையும் அது ஒரு லாக்கைப் போலவே பாவித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் கோளாறு அது கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருக்க வேண்டிய ரகம். எங்கள் டெஸ்ட் கெர்னல்களில் லாக்டெப் போட்டுத்தான் கட்டியிருந்தோம். மாதக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. டிரைவர் சுத்தம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

டெஸ்ட் இயந்திரம் ஒன்றின் பூட் லாகை முதல் வரியிலிருந்து உட்கார்ந்து படித்தேன். யாரும் படிக்காத பகுதி அது. எங்கள் டிரைவர் ஏறுவதற்கு வெகு முன்பே ஒரு வரி: கெர்னல் களங்கப்பட்டுவிட்டதால் லாக் சோதனை நிறுத்தப்படுகிறது. அந்த இயந்திரங்களில் வேறொருவரின் ஹார்டுவேருக்கான, மூலநிரல் தராத டிரைவர் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட டிரைவர் ஏறினால் கெர்னல் லாக்டெப்பை அணைத்துவிடும். அணைந்த லாக்டெப் புகார் சொல்லாது. புகார் இல்லாததை நாங்கள் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த டிரைவர் இல்லாவிட்டாலும் இன்னொரு பொறி உண்டு. முதல் புகாரைச் சொன்ன கையோடு லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போதே யாரோ ஒருவரின் அசட்டுத்தனத்தைப் பற்றி ஒரு புகார் சொல்லிவிட்டால், அப்புறம் உங்கள் டிரைவர் என்ன கூத்தடித்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் இப்போது எந்தச் சோதனை முடிந்தாலும் ப்ராக் கோப்பகத்தில் லாக்டெப் ஸ்டாட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து, 'டீபக் லாக்ஸ்' என்ற இடத்தில் இன்னும் 1 இருக்கிறதா என்று பார்க்கிறேன். பூஜ்ஜியம் என்றால் அந்தச் சோதனை ஓடியதாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அந்த டிரைவரைக் கழற்றிவிட்டு லாக்டெப்போடு ஓடவிட்டபோது எங்கள் டிரைவரைப் பற்றி வந்த முதல் அறிக்கை இரண்டு திரை நீளம். ஹேங்குக்குக் காரணமான அதே இடம். சரி செய்து மறுபடி ஓட்டினால் அடுத்தது. ஒன்றைச் சரி செய்தால்தான் அடுத்தது தெரியும் என்பதால் இந்த வேலை கொஞ்ச காலம் இழுத்தது. எல்லாமே ஆபத்தானவை அல்ல. பெற்றோர் டைரக்டரியின் லாக்கையும் பிள்ளையின் லாக்கையும் அடுத்தடுத்து எடுத்தால், லாக்டெப்புக்கு இரண்டும் ஒரே வகை. ஒரே லாக்கை இரண்டு முறை எடுப்பதாகக் கூச்சலிடும். எது பெற்றோர், எது பிள்ளை என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சபலம் காத்திருக்கிறது. சொல்லிக்கொடுக்கிற சாக்கில் வாயை அடைத்துவிடலாம். உண்மையான கோளாறுக்கும் அதே மருந்தைப் பூசி அறிக்கையைக் காணாமல் போகச் செய்த கோடை நான் வேறு இடங்களில் படித்திருக்கிறேன்.

டைரக்டரி லாக்குகள் பற்றி ஒரு வார்த்தை. கெர்னலின் ஆவணங்களில் அதற்கென்றே ஒரு ஃபைல் இருக்கிறது. எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று விதிகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போகாமல், இந்த விதிகளின்படி நடந்தால் டெட்லாக் வரவே வராது என்று நிரூபணமும் எழுதியிருக்கிறார்கள். ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர் மாற்றும்போது மரத்தின் உருவமே மாறிவிடுவதால், மொத்த ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு தனி மியூடெக்ஸ் ஏன் வேண்டியிருக்கிறது என்பது அதைப் படித்தால்தான் விளங்கும். கெர்னலில் நான் ரசித்துப் படித்த பக்கங்களில் அதுவும் ஒன்று.

மெமரி வாசலைக் கண்டுபிடித்த பிறகு மற்ற வாசல்களைத் தேடினேன். இரண்டாவது வாசல் இன்னும் அழகு. புரோகிராம் ஒன்று ஒரு ஃபைலை மெமரியில் மேப் செய்துகொள்கிறது. பிறகு அந்த மேப்பில் இருக்கும் தரவையே எடுத்து, அதே ஃபைலில் எழுது என்று ரைட் கால் கொடுக்கிறது. யார் இப்படிச் செய்வார்கள் என்று கேட்காதீர்கள், யாராவது செய்வார்கள். டிரைவர் ஃபைலின் பக்கத்தை லாக் செய்துவிட்டுப் பயனரின் தரவைப் பிரதி எடுக்கப் போகிறது. பிரதி என்பது கோடில் ஒரே வரி, அதற்குள் லாக் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தரவு இருக்கும் பக்கம் மெமரியில் இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட். ஃபைலிலிருந்து பக்கத்தைக் கொண்டுவா என்று கெர்னல் டிரைவருக்குள் வரும். வேண்டிய பக்கம், லாக் ஆகிக் கிடக்கும் அதே பக்கம். லினக்ஸின் பொதுவான எழுதும் பாதையில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். லாக் கையில் இல்லாதபோதே பயனரின் பக்கத்தைத் தொட்டு உள்ளே வரவழைத்துவிடுவது, லாக் எடுத்த பிறகு பேஜ் ஃபால்ட்டைத் தடைசெய்துவிட்டுப் பிரதி எடுப்பது, அதற்குள் பக்கம் வெளியேறிவிட்டால் லாக்கை விட்டுவிட்டு முதலிலிருந்து வருவது. எங்கள் டிரைவரில் வேகத்துக்காகத் தனியாக எழுதிய ஒரு பாதை இந்தச் சடங்குகளைத் தவிர்த்திருந்தது. பத்துப் பதினைந்து வரி சோதனை நிரல் ஒன்றால் அதை நினைத்தபோதெல்லாம் உறையவைக்க முடிந்தது.

நினைத்தபோது உறையவைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வெற்றி. எங்கள் ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் பெரிய இயந்திரங்கள். மெமரி தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பேக்கப் சர்வரில் வந்த கோளாறு அங்கே ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. கியூஇஎம்யூவில் 512 எம்பி மட்டும் கொடுத்து ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பி, எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் என்ற கருவியை ஓடவிட்டால், காபி ஆறுவதற்குள் விழுந்தது. சந்தேகப்படும் இரண்டு லாக்குகளுக்கு நடுவே வேண்டுமென்றே சில மில்லி விநாடி தூங்கவைப்பதும் நல்ல உபாயம். பிரிண்ட்கே போட்டுத் தேடினால் வேலைக்காகாது. அச்சிட எடுக்கும் நேரத்திலேயே த்ரெட்களின் வரிசை மாறி, கோளாறு ஓடி ஒளிந்துகொள்ளும்.

எனக்கு இன்றைக்கும் பிடிக்காதது ரீடர்-ரைட்டர் லாக். படிக்கிறவர்கள் பலர் ஒன்றாக உள்ளே இருக்கலாம், எழுதுகிறவர் தனியாகத்தான். மியூடெக்ஸில் ஓனரின் முகவரியாவது கிடைக்கும். இதில் ரீடர்களாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைதான் நம்பத்தகுந்தது. கடைசியாக வந்தவர் யார் என்ற குறிப்பு ஒன்று இருந்தாலும் அவர் எப்போதோ போயிருக்கலாம். எல்லா த்ரெட்களின் ஸ்டாக்குகளிலும் அந்த லாக்கின் முகவரி எங்காவது கிடக்கிறதா என்று கிராஷ் கருவியைத் தேடச் சொல்லி, அகப்பட்ட ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும். இன்னொரு விஷமமும் உண்டு. ஒரே த்ரெட் ரீடராக இரண்டு முறை உள்ளே போகலாம் என்று பலர் நம்புகிறார்கள், சோதித்தாலும் போகும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே ஒரு ரைட்டர் வந்து வரிசையில் நின்றுவிட்டால், புதிய ரீடர்கள் அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இரண்டாம் முறை வருகிற பழைய ரீடரும் அதில் சேர்த்தி. ரைட்டர் அவனுக்காக, அவன் ரைட்டருக்காக.

பிடித்தவனே போய்விட்ட கேஸ்களும் வரும். நடுவில் ஏதோ பிழை நேர்ந்ததும் லாக்கை விடாமல் ரிட்டர்ன் ஆன ஃபங்ஷன். ஓனர் முகவரியைப் பிடித்துப் போனால், அங்கே அப்படியொரு த்ரெட்டே இருக்காது. ஸ்கோப் முடிந்ததும் லாக்கைத் தானே விடுகிற 'கார்டு' வசதி 2023இல் 6.5 பதிப்பில் வந்தபின் புதிய கோடில் இது குறையும். எங்கள் பழைய கோடில், பிழை நேர்ந்தால் லாக்கை விடும் இடத்துக்குத் தாவும் கோட்டூ வரிகள் இன்னும் இருக்கின்றன.

இப்போது கோடு ரிவ்யூ செய்யும்போது நான் கேட்பது மாறிவிட்டது. முன்பெல்லாம், இந்த லாக் எதைக் காக்கிறது என்று கேட்பேன். இப்போது லாக் எடுக்கும் வரிக்கும் விடும் வரிக்கும் நடுவே விரலை வைத்து, இதில் மெமரி கேட்கிறாயா, பயனரின் பக்கத்தைத் தொடுகிறாயா, ஐநோட்டின் கடைசி ரெஃபரன்ஸை விடுகிறாயா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், கெர்னல் உள்ள வர இன்னும் எத்தனை வழி இருக்கு? ஒரு லிஸ்ட் குடுங்களேன்." டிரைவரின் தலைப்பு ஃபைலில் நான் எழுதிவைத்த கமெண்ட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல ஃப்ரீஸ் இல்லையே?" என்றாள். ஸ்னாப்ஷாட் எடுக்க ஃபைல் சிஸ்டத்தை நிறுத்திவைப்பதுதான் ஃப்ரீஸ். ஆமாம், இல்லை. அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.